செப்டம்பரில் கிழித்த கடிதம்

சென்னை
26 ஆகஸ்ட் 2024

அன்பு பௌசியா ராத்தாவுக்கு, நௌரின் சலாம்.

விடுதிக்கு வந்து சேர்ந்துவிட்டேன். நீ சாப்பிடுகிறாயா, கண்ணை மூடுகிறாயா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். உன் போனை ஹாஜரா மாமி அலமாரியில் வைத்துப் பூட்டியதை நான் கிளம்பும்போது பார்த்தேன். புருஷனை இழந்தவள் இத்தா இருக்கிற நாலு மாதமும் பத்து நாளும் வாசலைத் தாண்டக் கூடாது, வேற்று ஆணின் குரல் காதில் விழக் கூடாது, எனவே போனும் கூடாது. இது உன் மாமியார் வீட்டுச் சட்டம். கடிதம் கூடாது என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்வதற்குள் எழுதிவிடுகிறேன். அதுவும் தமிழில். மாமிக்குப் பேச்சுதான் தமிழ், படிப்பதெல்லாம் மலையாளம். நீ தைரியமாக மேசைமேலேயே வைக்கலாம்.

அப்ஸல் மச்சானை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கடைக்குக் கொள்முதல் செய்ய எறணாகுளம் பிராட்வே போன மனிதர் மிளகாய் மூட்டைமேல் சாய்ந்தபடியே போய்விட்டார் என்பதை இன்னும் என் மனசு ஏற்கவில்லை. எனக்கு ஒரே உறுத்தல். மூன்று வருடம் முன்னால் பெருநாள் அன்று அவர் வாயிலிருந்த சிகரெட்டைப் பிடுங்கி அவருடைய சாயா கிளாஸிலேயே போட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? விருந்தாளிகள் முன்னால். நீ ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. "உன் வாய்க்குப் பயந்து ஒருத்தரும் உன் பக்கத்துல வரமாட்டாங்கடீ" என்றாய்.

இங்கே முதல் வகுப்பில் அதைத்தான் சொன்னேன். எங்கள் பாடத்துக்குப் பெயர் நலவாழ்வு மேம்பாடு. மக்கள் தங்கள் உடம்பைத் தாங்களே பார்த்துக்கொள்ளத் துணை நிற்கிற படிப்பு. ராமபத்ரன் சார் எல்லாரிடமும் ஒரே கேள்வி கேட்டார். கடைசியாக யாருக்கு அறிவுரை சொன்னீர்கள், அவர் கேட்டாரா? நான் சாயா கிளாஸ் கதையைச் சொன்னதும் வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. "அதற்குப் பிறகு அவர் நிறுத்தினாரா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்று சொல்லி உட்கார்ந்தேன்.

ராத்தா, நான் மாறப்போகிறேன். இந்தப் பருவம் முழுக்க அதுதான் எங்களுக்குக் கட்டுரையும். படிக்கப் படிக்க நான் எப்படி ஆனேன் என்று எழுத வேண்டும். பதில் போடு.

உன் நௌரின்


மட்டாஞ்சேரி
5 செப்டம்பர் 2024

என் வாயாடிக்கு, சலாம்.

தபால்காரர் உன் உறையைக் கொடுத்தபோது மாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் மடியில் போட்டு, "உன் தங்கச்சி, அந்தச் சாச்சா மகள், காயிதம் போட்டிருக்கா. கலெக்டருக்குப் போடுற மாதிரி தடிமனா இருக்கு" என்றார். அவரும் பாவம்தான் நௌரின். மகனை இழந்தவர். ஆனால் என் எதிரில் அழமாட்டார். அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவார்.

எனக்குக் கொடுத்திருக்கும் அறை உனக்குத் தெரியுமே, பின்பக்கத்து அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர் கோடவுனின் இஞ்சி வாசம் அப்படியே தலையணையில் ஏறிக்கொள்கிறது. படகுத்துறையில் சங்கு ஊதினால் மணி தெரியும். வேறொன்றும் தெரியாது. பெண்கள் வந்து உட்கார்ந்து, "சாரமில்லை மோளே, எல்லாம் படச்சவன் தீருமானம்" என்று ஆறுதல் சொல்லி, சாயா குடித்துவிட்டுப் போகிறார்கள். என்னிடம் ஒருத்தியும் ஒன்றும் கேட்பதில்லை. கேட்டால் நான் சொல்லிவிடுவேன் என்று பயமோ என்னவோ.

நீ மாறப்போகிறாயாம். கேட்டுச் சிரித்தேன். அவர் போன பிறகு நான் சிரித்தது அப்போதுதான். சிரித்ததற்கு அழுதேன்.

இன்னொன்று. உனக்கு மட்டும். இடது மார்பில் ஒரு கட்டி இருக்கிறது. புளியங்கொட்டை அளவு. அவர் போவதற்கு முன்பே இருந்ததா, பிறகு வந்ததா, நினைவில்லை. வலியில்லை. இத்தா முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். இப்போது போய் மாமியிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. நீயும் அவரிடம் மூச்சு விடாதே.

என் அம்மாவுக்கு எப்படி ஆரம்பித்தது என்று உனக்குத் தெரியும். அதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதிவிட்டேன்.

பௌசியா


சென்னை
10 செப்டம்பர் 2024

அன்பு ராத்தாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படித்த கையோடு ஒரு பதில் எழுதினேன். நாலு பக்கம். அதில் இருந்ததெல்லாம் கட்டளை. கத்தலும் உண்டு. ரயில் டிக்கெட்டுக்கும் ஆள் பிடித்தேன். என் அறைத்தோழி அம்ருதா பார்த்துவிட்டு, "நௌரின், இது அவங்களுக்கா எழுதுற, உன் பயத்துக்கா எழுதுற?" என்று கேட்டாள். உட்கார்ந்து யோசித்தேன். பிறகு அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். டிக்கெட்டும் எடுக்கவில்லை. பழைய நௌரின் இதைச் செய்திருக்க மாட்டாள், எனக்கே ஆச்சரியம்.

நீ என்னிடம் சொன்னதே பெரிய விஷயம். அதற்கு நன்றி. மாமியிடம் சொல்ல மாட்டேன். உன் ரகசியம் உன்னுடையது. வைத்தியத்துக்காக வெளியே போகலாம் என்று நம் மார்க்கத்தில் இடம் இருப்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் தெரிவது வேறு, அந்த வீட்டில் அந்த அறையில் இருந்துகொண்டு வாய்திறப்பது வேறு என்பதை நான் இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன். உன் துக்கத்துக்கும் உன் வீட்டு வழக்கத்துக்கும் மரியாதை கொடுக்காமல் நான் அதிகாரம் செய்யக் கூடாது.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதைப் பற்றி உனக்கு என்ன தோன்றுகிறது? காட்டிக்கொள்வதில் உனக்கு எது தடையாக இருக்கிறது? காட்டினால் என்ன நல்லது என்று நினைக்கிறாய்? பதில் சொல்ல அவசரம் இல்லை.

உன் நௌரின்


மட்டாஞ்சேரி
27 செப்டம்பர் 2024

நௌரினுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். கையெழுத்து உன்னுடையதுதான். மற்றதெல்லாம் யாரோ நல்ல பெண் எழுதியது போல இருந்தது.

எனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டிருக்கிறாய். என்னிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. கல்யாணத்துக்குக் கேட்கவில்லை, கடையை விற்பதற்குக் கேட்கவில்லை. கேட்டதும் தலை சுற்றியது. நாள் முழுக்க யோசித்தேன். பயமாக இருக்கிறது என்று தோன்றுகிறது. அவ்வளவுதான். இத்தா இருப்பது நல்ல வசதியாக இருக்கிறது நௌரின். வெளியே போகக் கூடாது என்று ஒரு காரணம் கையில் இருக்கிறது. காரணம் இல்லாவிட்டால் நான் போக வேண்டியிருக்குமே.

ஓணத்தன்று பக்கத்து வீட்டு அம்மு பாயசம் கொண்டுவந்தாள். குனிந்து வாங்கும்போது சுருக்கென்றது. கட்டி இருக்கும் இடத்தில் தோல் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது. கண்ணாடியில் பார்த்தேன். பிறகு கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டேன். மாமி, "இத்தாவில் கண்ணாடி பார்க்காம இருக்கிறதுதான் நல்லது" என்று மெச்சினார்.

பழைய நௌரின் என்றால் இந்நேரம் பாலக்காட்டிலிருந்து உன் அத்தாவையும் கிளப்பிக்கொண்டு வந்து வாசலில் நின்றிருப்பாள். தெருவே கூடியிருக்கும். நினைத்தாலே மானம் போகிறது. ஜன்னலில் ஆட்டோ சத்தம் கேட்டால் இன்னும் எட்டிப் பார்க்கிறேன்.

பௌசியா


சென்னை
14 அக்டோபர் 2024

அன்பு ராத்தாவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. இடைத்தேர்வு இருந்தது. ஒரு சந்தோஷத்தை உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். என் கட்டுரையை ராமபத்ரன் சார் வகுப்பில் வாசித்துக் காட்டினார். உன் பெயரோ ஊரோ அதில் இல்லை, பயப்படாதே. என்னைப் பற்றி மட்டும்தான் எழுதினேன். அறிவுரை சொல்லத் துடிக்கிற நாக்கைக் கட்டிவைத்து, எதிரில் இருப்பவரை முடிவெடுக்க விடுவதற்கு நான் எப்படிப் பழகினேன் என்று. "இந்த வகுப்பில் மிக அதிகமாக வளர்ந்தவர் நௌரின்" என்றார் சார். கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். மச்சான் இருந்திருந்தால் அவரிடம் மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

உன் பயத்தை எழுதினாயே, அது மிகவும் இயல்பானது. பயப்படுவது தப்பே இல்லை. தோல் இழுத்துக்கொண்டதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லலாமா? உன் அனுமதி இருந்தால்தான் சொல்வேன். ஒருவேளை நீயே படித்துத் தெரிந்துகொள்ள விரும்பினால் இருக்கட்டும் என்று, எங்கள் குழு கேரளத்துப் பெண்களுக்காக மலையாளத்தில் தயாரித்த நோட்டீஸ் ஒன்றை உள்ளே வைத்திருக்கிறேன். படம் நான் தேர்ந்தெடுத்தது. பயமுறுத்தாத படமாகத் தேடித் தேடி எடுத்தேன்.

எது என்றாலும் நீ தயாராகும்போதுதான். நான் பக்கத்தில் இருக்கிறேன்.

உன் நௌரின்


மட்டாஞ்சேரி
3 நவம்பர் 2024

நௌரினுக்கு,

நோட்டீஸ் அழகாக இருக்கிறது. அதில் சிரிக்கிற பெண்ணுக்கு எந்தக் கவலையும் இல்லை. மாமி மலையாளம் படிப்பார் என்பதை நீ மறந்துவிட்டாய் போல. மெத்தைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

உன்னை எல்லாரும் பாராட்டியதில் எனக்குச் சந்தோஷம். உண்மையாகவே. நீ அப்படி ஆக வேண்டும் என்று முதலில் சொன்னவள் நான்தானே.

ஐப்பசி மழை விட்டபாடில்லை. துணி காயவில்லை. அக்குளிலும் ஒன்று வந்திருக்கிறது. இடது கையைத் தூக்கித் தலை சீவ முடியவில்லை. மாமி சீவிவிடுகிறார். "படுத்தே கிடந்தா கை மரத்துத்தான் போகும், எழுந்து நட" என்கிறார்.

நீ அனுமதி கேட்டாய். அனுமதி கொடுக்கிற அளவுக்கு எனக்குத் தெம்பிருந்தால் நானே நடந்து ஆசுபத்திரிக்குப் போயிருக்க மாட்டேனா? என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் பத்து நாள் பேனாவைத் தொடவில்லை. இதுதான் என் பதில் என்று எடுத்துக்கொள்.

இந்த மாதம் ஊர்ப்பக்கம் வருவாயா? சும்மாதான் கேட்கிறேன்.

ராத்தா


சென்னை
11 நவம்பர் 2024

அன்பு ராத்தாவுக்கு,

இந்த மாதம் களப்பணி. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். விடுப்புக் கேட்டால் கிடைக்குமா என்று பார்த்தேன், பருவமே போய்விடும் என்றார்கள். டிசம்பர் கடைசியில் கட்டாயம் வருகிறேன். அப்போது இத்தாவும் முடிந்திருக்கும். இருவரும் சேர்ந்து எறணாகுளம் போய்க் காட்டலாம், நீ விரும்பினால். வரும் வழியில் தோப்பும்படியில் மீன் வாங்கி, கப்பைக்கிழங்கும் கறியும் நானே வைக்கிறேன்.

அக்குள் விஷயம் எனக்குக் கவலையாக இருக்கிறது. அதைச் சொல்லாமல் மறைக்க விரும்பவில்லை. சீக்கிரம் காட்டுவது நல்லது என்பது என் எண்ணம். ஆனால் முடிவு உன்னுடையது, எப்போதும். நீ எதைத் தேர்ந்தெடுத்தாலும் நான் மதிப்பேன். நேற்று ஒரு வீட்டில் ஒரு அம்மா சர்க்கரை மாத்திரையே சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்தார். நான் ஒன்றும் சொல்லாமல் அவர் பேசுவதை முழுக்கக் கேட்டேன். கடைசியில் தானாகவே எடுத்து விழுங்கினார். பொறுமைக்குப் பலன் இருக்கிறது ராத்தா, நானே பார்த்தேன்.

உன் நௌரின்


மட்டாஞ்சேரி
6 ஜனவரி 2025

நௌரினுக்கு,

டிசம்பரில் நீ வர வேண்டாம் என்று மாமியை விட்டுப் போனில் சொல்ல வைத்தது நான்தான். பரிசோதனைகள் நடக்கின்றன, ஆள் தங்க இடமில்லை என்று அவர் சொன்னது பாதி உண்மை. மீதியை நானே எழுதுகிறேன். படுத்துக்கொண்டு எழுதுவதால் எழுத்து கோணும்.

நவம்பர் கடைசியில் ஒரு காலை, மாமி என் துணியைத் துவைக்க எடுத்தார். ரவிக்கையில் ரத்தமும் நீருமாகக் கறை. துணியைக் கையில் பிடித்தபடியே அறைக்குள் வந்து என் முந்தானையை விலக்கிப் பார்த்தார். "எடீ, இது என்னடீ? எத்தனை நாளா இருக்கு?" நான், "இத்தா முடியட்டும்னு மாமி..." என்று இழுத்தேன். அவர் முழுசாகச் சொல்லவிடவில்லை. "இத்தா இருக்கிறவளுக்குச் சீக்கு வந்தா சாகணும்னு எந்த கிதாபுல எழுதியிருக்கு? ஆருடீ உன்னைப் போக வேண்டாம்னு சொன்னது? நானா சொன்னேன்? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? அவனையும் கொடுத்துட்டு உன்னையும் கொடுக்கணுமா நான்?" என்று மாரில் அடித்துக்கொண்டு கத்தினார். தெரு முழுக்கக் கேட்டிருக்கும். அலமாரியைத் திறந்து போனை எடுத்து அவரே ஆட்டோவைக் கூப்பிட்டார். இத்தா முடிய இன்னும் நாள் இருந்தது. அதை அவர் பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை.

நாம் இரண்டு பேரும் யாருக்குப் பயந்து இந்த ரகசியத்தைக் காத்தோமோ, அவர் ஒரே நிமிஷத்தில் என்னைச் செருப்புக்கூடப் போடவிடாமல் வெளியே இழுத்துக்கொண்டு போனார்.

ஈரலிலும் முதுகெலும்பிலும் பரவியிருக்கிறது. மருந்து ஏற்றலாம், கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம், சுகமாக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். ஓணத்துக்கு வந்திருந்தால் பேச்சே வேறாக இருந்திருக்கும் என்றார். நல்ல மனிதர். எப்போதிருந்து தெரியும் என்று கேட்டபோது ஒரு மாதம் என்று பொய் சொன்னேன். மாமி பக்கத்தில் இருந்தார்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் ஆரம்பித்தேன். எழுத வரவில்லை. கோபம் இருக்கிறது நௌரின். ஊரில் எனக்கு ஆயிரம் பேர் ஆறுதல் சொல்ல இருந்தார்கள். கத்துவதற்கு நீ ஒருத்திதான் இருந்தாய். அதனால்தான் உனக்கு எழுதினேன். மாமியிடம் மூச்சு விடாதே என்று நான் எழுதியதே, நீ அன்றைக்கே அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவாய் என்ற நம்பிக்கையில்தான். சின்ன வயசிலிருந்து என் ரகசியம் ஒன்றையாவது நீ காப்பாற்றியிருக்கிறாயா? இந்த ஒன்றைக் காப்பாற்றினாய்.

என் தப்பும் இருக்கிறது. என் வாயால் கேட்டிருக்கலாம். வா, வந்து என்னை இழுத்துப் போ என்று ஒரு வரி. கையில் பேனா இருந்தது. எழுதவில்லை. மச்சானுடைய சிகரெட்டை நீ பிடுங்கியதற்கு உன்னோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தவள் நான். எந்த முகத்தோடு கேட்பது? ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். அன்றைக்கு நீ சாயாவில் போட்டாயே, அந்த ஒரு சிகரெட்டைத்தான் அவர் தன் ஆயுளில் பாதியில் விட்டார். மற்றதையெல்லாம் நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்க முழுக்கக் குடித்து முடித்தார்.

நீ இப்போது வராதே. வந்தால் என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, உனக்கு என்ன தோன்றுகிறது ராத்தா என்று மெதுவாகக் கேட்பாய். அதை என்னால் தாங்க முடியாது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். செப்டம்பரில் கிழித்தாயே நாலு பக்கம், அதை எனக்கு எழுதி அனுப்பு. பழைய நௌரின் என்னை எப்படித் திட்டியிருப்பாள் என்று தெரிந்துகொண்டு போகிறேன்.

பௌசியா


சென்னை
11 ஜனவரி 2025

ராத்தா,

நீ கேட்டதை எழுதியிருக்கிறேன். தேதியும் அன்றைய தேதியே போட்டிருக்கிறேன். நாலு பக்கம் வரவில்லை. அன்றைக்கு வந்தது இன்று வரவில்லை. படிப்பை நிறுத்திவிட்டேன் என்று எழுத நினைத்தேன், அது உனக்கு எதற்கு?

நௌரின்


சென்னை
10 செப்டம்பர் 2024

எடீ பௌசியா,

உனக்கு மூளை இருக்கிறதா இல்லையா? புளியங்கொட்டையாம். வலியில்லையாம். உன் அம்மாவுக்கும் வலிக்கவில்லை. மறந்துவிட்டாயா? இத்தா முடியட்டும் என்று எந்த மடையன் உனக்குச் சொன்னான்? பெரிய ஆலிமா மாதிரி சட்டம் பேசாதே, உனக்குப் பயம், அதுதான் விஷயம். பயந்துகொண்டே வா. பயத்தோடு வருகிறவர்களுக்கும் வைத்தியம் பார்ப்பார்கள்.

மாமியிடம் சொல்லாதே என்றாயே, இதோ இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு அடுத்த வேலையாக மாமிக்குத்தான் போன் பண்ணப்போகிறேன். என்னோடு ஒரு மாதம் அல்ல, ஒரு வருடம் பேசாமல் இரு. செத்துப் போகிற வரைக்கும் பேசாமல் இரு, எழுபது வயசில், எண்பது வயசில். எனக்குக் கவலையில்லை.

உனக்கு என்ன தோன்றுகிறது என்று நான் கேட்கப்போவதில்லை. உனக்கு என்ன தோன்றினாலும் சரி. இன்றைக்கு ரயில் ஏறுகிறேன். நாளைக் காலையில் அங்கே இருப்பேன். ஆட்டோவை நிறுத்தி வைத்துவிட்டுத்தான் படியேறுவேன். முக்காட்டைப் போட்டுக்கொண்டு தயாராக இரு. தயாராக இல்லாவிட்டால் இருக்கிற கோலத்தில் இழுத்துக்கொண்டு போவேன். அம்மு பார்க்கட்டும், தெருவே பார்க்கட்டும்.

கதவைத் தாழ்போட்டால் மட்டாஞ்சேரி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவேன். ராத்தா, கதவைத் திற.

நௌரின்